அம்மா வட சென்னை ஹோமில், நீங்கள் வெளியூரில்: ஒழுங்கான தகவல் வாங்குவது எப்படி

கொளத்தூரிலோ மாதவரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு முதியோர் இல்லத்தில் அம்மாவையோ அப்பாவையோ சேர்த்துவிட்டு, சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ பெங்களூருக்கோ திரும்பிப் போனவர்களுக்கு முதல் மாதம் கிடைக்கும் பதில் இதுதான்: "நல்லா இருக்காங்க சார். சாப்டாங்க. தூங்குறாங்க." போகப்போக அதுவும் வராது. போன் அடித்துக்கொண்டே இருக்கும், அல்லது "மேனேஜர் வெளிய போயிருக்கார், அப்புறம் பண்ணுங்க" என்பார்கள்.

கோபம் வருவது நியாயம்தான். ஆனால் கோபத்தால் தகவல் வராது. யார், எத்தனை மணிக்கு, எதைப் பார்த்து, யாரிடம் சொல்ல வேண்டும் என்று சேர்க்கும்போதே பேசிவைத்த குடும்பங்களுக்கு அதே இல்லத்திலிருந்து ஒழுங்காகத் தகவல் வருகிறது. பேசிவைக்காதவர்களுக்கு வருவதில்லை. சேர்த்து ஆறு மாதம் ஆகியிருந்தாலும் அதை இப்போது தொடங்கலாம்.

அங்கே தகவல் எப்படி நகர்கிறது

முப்பது நாற்பது பேர் இருக்கும் ஒரு இல்லத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு மொபைல்தான் இருக்கும். பகலில் ஆபீஸ் மேஜையில் இருக்கும், இரவில் நைட் சிஸ்டரிடமோ வாட்ச்மேனிடமோ போய்விடும். பல இடங்களில் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை ஒரு ஷிப்ட், இரவு எட்டு முதல் காலை எட்டு வரை இன்னொன்று. குளிப்பாட்டுவது, டயபர் மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் அட்டெண்டர்கள் செய்வது. அம்மா அரை இட்லியோடு நிறுத்திக்கொண்டதும், இடுப்பில் தோல் சிவந்திருப்பதும் முதலில் அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் வீட்டாரிடம் பேச அவர்களுக்கு அனுமதி இருக்காது. ஒடிசாவிலிருந்தோ ஆந்திரத்திலிருந்தோ வந்தவர்களாக இருந்தால் தமிழும் தடுமாறும். அவர்கள் சொல்வதைச் சிஸ்டர் நோட்டில் எழுதுவார். உங்கள் போனை எடுப்பவர் மேனேஜர்.

ஆக, பார்த்தவர் ஒருவர், எழுதியவர் ஒருவர், உங்களிடம் பேசுபவர் இன்னொருவர். மேனேஜருக்கு அம்மாவை அன்று காலை பார்க்கவே நேரம் இருந்திருக்காது. "நல்லா இருக்காங்க" என்பதைத் தவிர அவரால் வேறென்ன சொல்ல முடியும்? நீங்கள் பிடிக்க வேண்டியது எழுதுகிறவரையும் அந்த நோட்டையும்.

சேர்க்கும் நாளில் எழுதி வாங்க வேண்டியவை

அட்வான்ஸ் கட்டும் முன்பு மேனேஜரும் உங்கள் பேச்சுக்கு முழுக் கவனம் கொடுப்பார். அப்போதே ஒரு பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அச்சடித்த ஒப்பந்தம் இருந்தாலும் இதைத் தனியாக எழுதுங்கள். அச்சடித்ததில் கட்டணம், நோட்டீஸ், பொறுப்புத் துறப்பு இவைதான் இருக்கும்.

அந்தப் பக்கத்தில் முதலில், குடும்பத்தின் சார்பில் பேசப்போகிறவர் யார் என்று இருக்க வேண்டும். ஒரே ஒருவர். அவர் கிடைக்காவிட்டால் இரண்டாவது யார், மூன்றாவது யார் என்று வரிசையாக, நாட்டுக் குறியீட்டோடு எண்கள். பெரிய அண்ணன் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லி, சின்ன அக்கா தனியார் மருத்துவமனைதான் வேண்டும் என்று சொல்லி, மருமகன் எங்கேயும் வேண்டாம் என்று சொன்னால் இல்லத்தார் யாருடைய போனையும் எடுக்காமல் ஒதுங்கிவிடுவார்கள். தகவல் அறுந்துபோவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இந்தக் குடும்பச் சண்டைதான். உங்களுக்குள் பேசி முடித்துவிட்டு ஒரே குரலில் போங்கள்.

இரண்டாவது, இல்லத்தின் பக்கம் உங்களுக்குப் பொறுப்பான சிஸ்டர் யார், அவர் விடுப்பில் போனால் யார். பெயர் வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் மாறுவது சகஜம், அதனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை "இப்ப பொறுப்பு யார்?" என்று கேட்டு எழுதிவைத்ததைத் திருத்துங்கள்.

மூன்றாவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ன தகவல் வரும் என்பது. சாதாரண மெசேஜுக்கு 24 மணி நேரத்தில் பதில், வாரத்தில் ஒரு நாள் நோட்டுப் பக்கத்தின் போட்டோ, பதினைந்து நாளுக்கு ஒரு வீடியோ அழைப்பு என்று கேட்டால் எந்த நல்ல இல்லமும் மறுக்காது. தினமும் மூன்று வேளை போட்டோ கேட்டால் ஒரு வாரம் வரும், பிறகு எல்லாமே நின்றுபோகும்.

நான்காவது, எதற்கெல்லாம் உடனே கூப்பிட வேண்டும் என்ற பட்டியல். அதைக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

இதோடு ஒரு கடிதமும் வேண்டும். அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருந்தால் அவரே கையெழுத்திட்டு, "என் மருத்துவ விவரங்களை இன்னாரிடம் சொல்லலாம், ஆவணங்களைக் கொடுக்கலாம்" என்று எழுதித் தரட்டும். நகல் இல்லத்திலும், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமும், உள்ளூரில் உங்களுக்காகப் போகிறவரிடமும் இருக்கட்டும். பின்னால் ஒரு மருத்துவமனை "நீங்க யாரு?" என்று கேட்கும்போது இந்த ஒற்றைத் தாள் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

உங்கள் எண் அவர்கள் போனில் இருக்கிறதா

இதை யாரும் யோசிப்பதில்லை. வெளிநாட்டு எண்ணிலிருந்து வரும் மோசடி அழைப்புகளுக்குப் பயந்து, தெரியாத பிளஸ் எண் என்றால் இங்கே பலரும் எடுப்பதே இல்லை. அதனால் ஆபீஸ் போனிலும், சிஸ்டர் போனிலும், நைட்டில் இருக்கும் போனிலும் உங்கள் எண்ணை நீங்கள் நேரில் நின்று சேமியுங்கள். வெறும் பெயர் போடாமல் "ரூம் 12 அம்மா பொண்ணு துபாய்" என்று போடுங்கள். புதிதாக வந்த சிஸ்டருக்கு உங்கள் பெயர் தெரியாது, ரூம் நம்பர் தெரியும்.

அடுத்து, நாலு பேர் கொண்ட ஒரு வாட்ஸ்அப் குழு: நீங்கள், மேனேஜர், பொறுப்புச் சிஸ்டர், உள்ளூர் ஆள். சித்தப்பா, அத்தை, பேரப்பிள்ளைகள் இருக்கும் குடும்பக் குழுவில் இல்லத்தாரைச் சேர்க்காதீர்கள். அங்கே ஒருவர் "ஏன் இளைச்சுட்டாங்க?" என்று போட்டால் பத்துப் பேர் பதில் போடுவார்கள், சிஸ்டர் மறுநாளிலிருந்து எழுதமாட்டார். புண், டயபர், குளியல் போன்றவற்றின் படங்கள் பெரிய குழுவில் வருவது அம்மாவின் மானத்துக்கும் கேடு. தகவல் நாலு பேருக்கு வரட்டும், குடும்பத்துக்கு நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் இருப்பவர்கள் கவனிக்க: வாட்ஸ்அப்பில் எழுதுவதும் வாய்ஸ் மெசேஜும் போகும், அழைப்பு போகாது. போட்டிம் அல்லது கூகுள் மீட் செயலியை இல்லத்து போனில் முன்கூட்டியே போட்டு, ஒருமுறை பேசிப் பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள்.

எத்தனை மணிக்குக் கூப்பிடுவது

காலை ஆறிலிருந்து ஒன்பது வரை குளியல், டயபர், டிபன், மாத்திரை, ஷிப்ட் மாற்றம் எல்லாம் ஒன்றாக நடக்கும். மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை சாப்பாடு. இரவு ஏழிலிருந்து எட்டரை வரை மறுபடி சாப்பாடு, மாத்திரை, ஷிப்ட் மாற்றம். இந்த நேரங்களில் கூப்பிட்டால் எடுக்கமாட்டார்கள். எடுத்தாலும் ஒரு கையில் மாத்திரை டப்பாவோடு பேசுவார்கள்.

நல்ல நேரம் இரண்டு: காலை 11 மணியை ஒட்டி, பிற்பகல் மூன்றரையை ஒட்டி. மூன்றரை என்றால் சிங்கப்பூரில் மாலை 6, துபாயில் பிற்பகல் 2. லண்டனில் கோடையில் காலை 11, குளிர்காலத்தில் 10. நியூயார்க்கிலும் டொரண்டோவிலும் கோடையில் காலை 6, குளிர்காலத்தில் 5. சிட்னியில் இரவு 8 அல்லது 9. கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு மூன்றரை ஒத்துவராது. அவர்கள் இங்கே காலை 11-க்குப் பேசலாம், அங்கே முந்தைய இரவு பத்தரை அல்லது ஒன்பதரையாக இருக்கும். கடிகாரம் மாற்றும் மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஒரு மணி நேரம் தள்ளிப் போவதை இல்லத்துக்கு முன்னாலேயே சொல்லுங்கள். நம் ஊரில் கடிகாரம் மாற்றும் பழக்கம் இல்லாததால் "இந்த வாரம் ஏன் அந்த நேரத்துக்குக் கூப்பிடலை" என்று அவர்களுக்குப் புரியாது.

ஒரே கிழமை, ஒரே நேரம் என்று பழக்கப்படுத்துங்கள். செவ்வாய் மூன்றரைக்கு ரூம் 12 வீட்டிலிருந்து போன் வரும் என்று தெரிந்துவிட்டால் சிஸ்டர் நோட்டைக் கையில் எடுத்துவைத்திருப்பார்.

கேள்வியை மாற்றுங்கள்

"எப்படி இருக்காங்க?" என்பது நலம் விசாரிப்பு. அதற்கு நலம் என்றுதான் பதில் வரும். எண்ணோ, அளவோ, தேதியோ பதிலாக வருகிற மாதிரிக் கேளுங்கள். குழுவில் போட ஒரு மாதிரி:

"வணக்கம் சிஸ்டர், ரூம் 12 அம்மா பொண்ணு. இந்த வாரம் இது மட்டும் சொல்லுங்க போதும்.
காலை சுகர், பிபி: கடைசி 3 நாள்
சாப்பாடு: முழுசா, பாதியா, கால் பங்கா?
தண்ணி ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர்?
மோஷன் கடைசியா என்னைக்கு?
இடுப்பு, குதிகால் தோல் எங்கயாவது சிவந்திருக்கா?
புதுசா ஆரம்பிச்ச மாத்திரை, நிறுத்தின மாத்திரை?
எழுத நேரம் இல்லன்னா நோட்டுப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்புங்க. நன்றி சிஸ்டர்."

கடைசி வரிதான் முக்கியமானது. போட்டோ எடுக்கப் பத்து விநாடி போதும். தட்டச்சு செய்ய ஐந்து நிமிடம் ஆகும், அந்த ஐந்து நிமிடம் அவர்களிடம் இல்லை.

வரும் போட்டோவை எப்படிப் படிப்பது? பிபி ஏழு நாளும் 120/80 என்றே இருந்தால், ஏழு வரியும் ஒரே பேனாவில் ஒரே சாய்வில் ஒரே கையெழுத்தில் இருந்தால், அது ஒரே நேரத்தில் உட்கார்ந்து நிரப்பிய பக்கம். உண்மையாக அளந்தது 134/78, 142/84, 128/70 என்று ஏறி இறங்கும், இரண்டு மூன்று பேர் கையெழுத்து கலந்திருக்கும், எங்காவது ஒரு அடித்தல் இருக்கும். நிரப்பிய பக்கம் வந்தால் குற்றம் சாட்டாமல், "இனிமே மெஷினோட டிஸ்ப்ளேயையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துடுங்க சிஸ்டர்" என்று கேளுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

எடையை மாதம் ஒருமுறை, ஒரே எந்திரத்தில், முடிந்தால் முதல் தேதியன்றே பார்க்கச் சொல்லுங்கள். எதை மறைத்தாலும் எடையை மறைப்பது கஷ்டம். 50 கிலோ இருந்தவர் ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோ இறங்கியிருந்தால், அதாவது நூற்றுக்கு ஐந்து குறைந்திருந்தால், டாக்டர் பார்த்தாக வேண்டும். சாப்பாடு போதாமல் இருக்கலாம், பல்செட் பொருந்தாமல் இருக்கலாம், விழுங்குவதில் சிரமம் இருக்கலாம், உள்ளே வேறு நோய் இருக்கலாம். "அம்மா சாப்பாடே போடலைன்னு சொல்றாங்க" என்ற புகாருக்கும் எடைதான் நடுவர். மறதி நோய் உள்ளவர் அரை மணி முன்பு சாப்பிட்டதை மறந்து அப்படிச் சொல்வதுண்டு. அதற்காக ஒவ்வொரு முறையும் மறதி என்று தள்ளிவிடவும் கூடாது.

படுத்தே இருப்பவர் என்றால் தோலைப் பற்றிய கேள்வியை ஒரு வாரம்கூட விடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது வழக்கமான முறை. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளிறாமல் சிவப்பாகவே நின்றால் அதுதான் படுக்கைப் புண்ணின் ஆரம்பம். கருத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றிலும் உள்ள தோலைவிட அந்த இடம் கருத்து, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் கட்டத்தில் தெரிந்தால் சில நாளில் ஆற்றிவிடலாம், தோல் உடைந்த பிறகு தெரிந்தால் மாதக்கணக்கில் போராட வேண்டும்.

கெட்ட செய்தி சொன்னவரைத் திட்டாதீர்கள்

"அம்மா காலைல பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க மேடம்" என்று சிஸ்டர் தானாகக் கூப்பிட்டுச் சொல்கிறார். அந்த நிமிடத்தில் நீங்கள் கத்தினால் அடுத்த முறை விழுந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது. நீலம் பாய்ந்த முழங்கை ஒரு வீடியோ அழைப்பில் தெரிய வரும்போது, "அதுவா, போன வாரம் லேசா இடிச்சுக்கிட்டாங்க" என்பார்கள்.

முதல் வாக்கியம் "உடனே சொன்னதுக்கு நன்றி சிஸ்டர்" என்று இருக்கட்டும். அதன் பிறகு கேட்க வேண்டியவை: எத்தனை மணிக்கு? விழுவதை யாராவது பார்த்தார்களா, விழுந்து கிடந்ததைத்தான் பார்த்தார்களா? தலையில் அடியா? எழுந்து காலை ஊன்ற முடிகிறதா, ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ இருக்கிறதா? வாந்தி, மயக்கம், வழக்கத்தை மீறிய தூக்கம் உண்டா? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், பார்க்க நன்றாகத் தெரிந்தாலும் மருத்துவமனையில் காட்டத்தான் வேண்டும். உள்ளே ரத்தம் மெதுவாகக் கசிந்து மறுநாள் நினைவு தப்பியவர்கள் உண்டு. பொறுப்பு யாருடையது, தரை ஏன் ஈரமாக இருந்தது என்பதை மறுநாள் மேனேஜரிடம் நிதானமாகக் கேளுங்கள். கேட்காமல் விடவும் வேண்டாம்.

எதற்கெல்லாம் நேரம் பார்க்காமல் கூப்பிட வேண்டும்

பட்டியல் சின்னதாக, தமிழில், கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டக்கூடியதாக இருக்கட்டும். விழுந்தால். மூச்சு வாங்கினால், அல்லது விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் டாக்டர் சொன்ன அளவுக்குக் கீழே போனால். சுகர் 70-க்குக் கீழே இறங்கினால். வாய் கோணி, ஒரு பக்கக் கை தொங்கி, பேச்சு குழறினால். இரண்டு வேளை தொடர்ந்து சாப்பிடாவிட்டால். காய்ச்சல் வந்தால். சிறுநீர் நின்றுபோனால். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால். கடைசியாகச் சொன்னதை "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். ஒரே நாளில் வரும் குழப்பத்துக்குப் பின்னால் சிறுநீர்த் தொற்று, நீர்வற்றல், சோடியம் குறைவு, புது மாத்திரை போன்ற ஏதாவது ஒன்று இருக்கலாம். கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்யக் கூடியது.

பக்கவாதம், நெஞ்சுவலி, மயக்கம் என்றால் வரிசை மாற வேண்டும்: முதலில் 108, பிறகுதான் உங்களுக்குப் போன். இதை எழுத்தில் கொடுங்கள். "வீட்டுல சொல்லாம அனுப்பினா திட்டுவாங்க" என்று உங்கள் அழைப்புக்காகக் காத்திருந்து நேரம் போன சம்பவங்கள் இப்படித்தான் நடக்கின்றன. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு, கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. "காலைல ஆறு மணிக்கு காபி குடிக்கும்போது நல்லா இருந்தாங்க" என்று சிஸ்டரால் சொல்ல முடிந்தால் அது டாக்டருக்குப் பெரிய உதவி.

எந்த மருத்துவமனை என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் என்றால் ஸ்டான்லி. கொளத்தூர், பெரம்பூர்ப் பக்கம் என்றால் பெரியார் நகர் அரசு மருத்துவமனை. ரயில்வே ஓய்வூதியக்காரர் என்றால் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை, அதற்கு உமீத் கார்டின் (ரயில்வே மருத்துவ அடையாள அட்டை) நகல் கோப்பில் இருக்க வேண்டும். தனியார் என்றால் பெயர், முன்பணம் கட்டப்போகிறவர், காப்பீட்டு எண் மூன்றும். எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலியிலும் கன்டெய்னர் லாரி வரிசை நின்றுவிட்டால் வண்டி நகராது. வரைபடத்தில் பக்கமாகத் தெரிவதை நம்பாமல், அந்தப் பகுதி ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் எந்த வழியாக எங்கே போகிறார்கள் என்று விசாரித்து முடிவு செய்யுங்கள்.

உள்ளூரில் ஒரு ஆள்

இது இல்லாமல் மேலே சொன்ன எதுவும் முழுதாக வேலை செய்யாது. மருத்துவமனையில் சேர்த்தால் துணைக்கு ஒருவர் இருந்தே ஆக வேண்டும், மருந்து வாங்கவும் ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகவும் கையெழுத்திடவும். இல்லத்திலிருந்து வரும் ஊழியர் சேர்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார், அங்கே மற்றவர்களைப் பார்க்க வேண்டுமே. முக்கால் மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய ஒருவர் வேண்டும்: ஒன்றுவிட்ட தம்பி, பழைய பக்கத்து வீட்டுக்காரர், சர்ச்சிலோ கோயிலிலோ பழக்கமானவர். 2021-லிருந்து மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடுவதால், தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் இல்லங்களுக்கு நகரின் மறுகோடியிலிருந்துகூட ஒருவரால் வந்துபோக முடிகிறது. உறவினர் யாரும் இல்லையென்றால், மணிக்கணக்குக்குப் பணம் கொடுத்து மருத்துவமனையில் கூட இருக்கும் ஆளை ஏற்பாடு செய்து வையுங்கள். இரவு இரண்டு மணிக்குத் தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

அவர் மாதம் இரண்டு முறையாவது போகட்டும், ஒருமுறை சொல்லாமல். ஞாயிறு மதியம் எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். வார நாளில் மாலை ஆறரைக்குப் போகச் சொல்லுங்கள். பார்க்க வேண்டியவை: தண்ணீர் பாட்டில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, ஜன்னல் திண்டில் இருக்கிறதா. உதடு வறண்டிருக்கிறதா. நகத்துக்குள் அழுக்கு. போர்வையை விலக்கிக் குதிகால். கண்ணாடியும் காது மெஷினும் போட்டிருக்கிறார்களா, டிராயருக்குள் கிடக்கின்றனவா. கூப்பிடும் மணி வேலை செய்கிறதா. பத்து நிமிடம் தனியாகப் பேசச் சொல்லுங்கள். ஊழியர் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எந்த அம்மாவும் குறை சொல்லமாட்டார்.

அம்மாவோடு பேசும்போது

காது கேட்காதவரிடம் போனைக் காதில் வைத்துவிட்டுப் போனால் உரையாடல் நடக்காது. ஸ்பீக்கரில் போட்டு, முகம் தெரிகிற மாதிரி பிடிக்கச் சொல்லுங்கள். உங்கள் பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருந்தால் உங்கள் முகம் கருப்பாகத் தெரியும், திரும்பி உட்காருங்கள். மறதி நோய் உள்ளவர்களுக்கு மாலையில் பதற்றம் கூடுவதுண்டு, அதனால் காலை 11 மணி அழைப்புதான் நல்லது. "நான் யாருன்னு தெரியுதா?" என்று சோதிக்காதீர்கள். "அம்மா, நான் செல்வி, உன் சின்னப் பொண்ணு" என்று நீங்களே சொல்லிவிட்டு, "இட்லிக்கு இன்னைக்கு என்ன சட்னி?" என்று தொடங்குங்கள்.

பணமும் மரியாதையும்

கட்டணம் தேதி தவறாமல் போகட்டும், ரசீது எண்ணோடு. மாதக் கணக்கில் டயபர், மருந்து, டாக்டர் வருகை தனித்தனியாக வரட்டும், மருந்துக் கடை பில்லின் போட்டோவோடு. அட்டெண்டருக்குத் தனியாக ஜிபே அனுப்பி "எங்க அம்மாவை மட்டும் நல்லா பாத்துக்கோ" என்று ஏற்பாடு செய்யாதீர்கள். மற்ற ஊழியர்களுக்குத் தெரிந்தால் அந்தப் பெண்ணின் வேலைக்கே ஆபத்து, நாளைக்கு அவர் போய்விட்டால் உங்கள் ஏற்பாடும் போய்விடும். தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ், ரம்ஜான் எதுவானாலும் இரண்டு ஷிப்டுக்கும் சேர்த்து மேனேஜர் வழியாகச் செய்யுங்கள். இரவெல்லாம் விழித்து அடுத்தவர் தாய்க்குத் துணி மாற்றுகிறவர்கள் அவர்கள். பெயர் சொல்லி நன்றி சொல்வதற்குச் செலவில்லை.

மத்திய அரசு, ரயில்வே ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு நவம்பரில் உயிர்ச்சான்று தர வேண்டும், 80 வயது கடந்தவர்கள் அக்டோபரிலேயே தரலாம். முகத்தைப் படம் பிடித்து மொபைலிலேயே முடிக்கலாம், தபால்காரர் இல்லத்துக்கே வந்தும் செய்து தருவார். அக்டோபர் கடைசியில் குழுவில் இதை நினைவுபடுத்துங்கள். உள்ளூர் ஆள் இருக்கும் நாளாகப் பார்த்து வைத்தால் ஒரே வருகையில் முடியும்.

மழைக்காலத்துக்குத் தனி ஏற்பாடு

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர், கொளத்தூர் பக்கம் தண்ணீர் நிற்பதும், கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கி வழி அடைபடுவதும் எல்லோரும் அறிந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மின்சாரமும் மொபைல் சிக்னலும் ஒன்றாகப் போனபோது வெளியூர்ப் பிள்ளைகள் தவித்துப் போனார்கள். செப்டம்பரிலேயே கேளுங்கள்: ஜெனரேட்டருக்கு எத்தனை மணி நேர டீசல் இருக்கும்? தரைத்தளத்தில் இருப்பவர்களை எந்த மாடிக்கு ஏற்றுவார்கள், படுத்த படுக்கையாக இருப்பவரை எப்படி? ஆக்சிஜன் சிலிண்டர் எத்தனை? இன்சுலின் எங்கே குளிர்ச்சியாக இருக்கும்? பத்து நாளுக்கான மாத்திரை கையிருப்பு உண்டா? வேறு வேறு நிறுவன சிம் உள்ள இரண்டு எண்களும், பக்கத்துக் கடை அல்லது வீட்டின் எண் ஒன்றும் வாங்கி வையுங்கள். சிவப்பு எச்சரிக்கை வந்தால் தினம் காலை, மாலை "எல்லாரும் பத்திரம்" என்று ஒரு வரி மட்டும் போடச் சொல்லுங்கள். அந்த நாட்களில் அதற்கு மேல் கேட்டு அவர்களை இழுத்தடிக்க வேண்டாம்.

பதிலே வரவில்லை என்றால்

முதலில் உள்ளூர் ஆளை நேரில் அனுப்புங்கள். பாதிக்கு மேல் அதிலேயே தீரும்: போன் மாறியிருக்கும், சிஸ்டர் வேலையை விட்டிருப்பார். அதிலும் நகராவிட்டால் உரிமையாளருக்கோ டிரஸ்டிக்கோ எழுத்தில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் அல்ல, மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும். தேதி வாரியாக நடந்ததைச் சொல்லி, என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று ஒரே பக்கத்தில் முடியுங்கள். பழைய மனக்குறைகளை அதில் கொட்டாதீர்கள்.

மருத்துவக் குறிப்புகளைத் தர மறுத்தால், 2002-ம் ஆண்டு மருத்துவர் நெறிமுறை விதிகளைக் காட்டலாம். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று டாக்டர்களுக்கு அந்த விதி சொல்கிறது. சேர்க்கும் நாளில் அம்மா கையெழுத்திட்ட கடிதம் இங்கேதான் கைகொடுக்கும்.

புகார் எங்கே போகும் என்பது இல்லம் இருக்கும் மாவட்டத்தைப் பொறுத்தது. திருவொற்றியூரும் மாதவரமும் 2018 முதல் சென்னை மாவட்டத்தில் இருக்கின்றன. ராஜாஜி சாலையில் உள்ள ஆட்சியர் அலுவலகம்தான் அவற்றுக்கு. செங்குன்றம், மீஞ்சூர், சோழவரம், பொன்னேரி என்றால் திருவள்ளூர் ஆட்சியர். முதியோர் இல்லம் பற்றியது 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி மாவட்ட சமூக நல அலுவலருக்கு. ஊசி, குளுக்கோஸ், படுக்கை வசதியோடு மருத்துவமனையாக நடக்கும் இடம் என்றால் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநருக்கு. முதியோர் உதவி எண் 14567, காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. முதல்வர் உதவி மையம் 1100. கட்டணம், அட்வான்ஸ் தகராறுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. வெளிநாட்டிலிருந்து இந்தக் குறு எண்களுக்கு அழைப்பு போகாது. உள்ளூர் ஆள் கூப்பிட்டுப் புகார் எண்ணை உங்களுக்கு அனுப்பட்டும்.

அடித்த தடம், கட்டிப்போட்ட தழும்பு, பார்க்கவே விடாமல் தடுப்பது, காரணம் சொல்லாமல் எப்போதும் மயக்கத்தில் வைத்திருப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் மேலே சொன்ன படிகளுக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றே 112-க்குச் சொல்லி, உள்ளூர் ஆளோடு ஒரு டாக்டரையும் அனுப்பி, ஆளை வெளியே கொண்டுவாருங்கள்.

வேறு இல்லத்துக்கு மாற்றுவது என்று முடிவானால், இடத்தை உறுதி செய்த பிறகே நோட்டீஸ் கொடுங்கள். கிளம்பும் நாளில் கையில் வாங்க வேண்டியவை: மாத்திரைகளின் பட்டியல், ஒவ்வொன்றும் கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்ற குறிப்போடு, கடைசி மூன்று மாத நோட்டுப் பக்கங்களின் நகல், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஆதார், ஓய்வூதியப் புத்தகம், காப்பீட்டு அட்டை, பல்செட், கண்ணாடி, காது மெஷின், அட்வான்ஸ் பாக்கிக்கு ரசீது. வண்டியில் ஏற்றும் முன் உடம்பு முழுதும் தோலைப் பார்த்து, இருக்கும் புண், தழும்பு ஒவ்வொன்றையும் தேதியோடு படம் எடுத்து, இரண்டு இல்லத்தாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு "இது இங்க வந்தது இல்ல, அங்கயே இருந்தது" என்ற பேச்சுக்கு இடம் இருக்காது.